இரண்டு பேர் காதில் விழும்படி

முதல் அநியாயம் தூரத்தின் பெயரால் நடந்தது. வரிசையில் முதலில் இருந்த வெண்ணிலாவுக்கு அழைப்பே போகவில்லை. எண்ணூர் தாழங்குப்பத்திலிருந்து அவள் கிளம்பி வருவதற்குள் செல்கள் செத்துப்போகும் என்று மாடியில் இருக்கும் நிர்வாகத்தார் முடிவு செய்துவிட்டார்கள். அந்த நேரத்தில் அவள் மாதாந்திரப் பரிசோதனைக்காக இதே கட்டடத்தின் தரைத்தளத்தில், சீட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது அநியாயம் ஒழுங்கின் பெயரால். ஒரே ஒரு பரிசோதனைக்கு அவள் வரவில்லை. ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனியில் லீவு கொடுக்கவில்லை. ஆகவே இவள் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவாள் என்று நம்புவதற்கில்லை என்றார்கள். மூன்றாவது அநியாயம் நோயின் பெயரால். தையல் மெஷின் முன்னால் சர்க்கரை இறங்கி, இறங்குவதே தெரியாமல் இறங்கி, அவள் அப்படியே சாய்ந்தபோது ஊசி விரலுக்குள் ஏறிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தாள். உடல்நிலை தற்சமயம் ஏற்றதாக இல்லை என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். எந்த நோய்க்காக வரிசையில் நிற்க வைத்தார்களோ, அந்த நோய் இருக்கிறது என்பதற்காகவே வரிசையிலிருந்து தள்ளினார்கள். நான்காவது. நான்காவதில் மரகதவல்லிக்கு நாக்கு நின்றுவிட்டது. வாய்விட்டுச் சொல்லவில்லை, மாஸ்க்குக்குள் உதடு மட்டும்தான் அசைந்துகொண்டிருந்தது, இருந்தும் நின்றுவிட்டது. ஏனென்றால் நான்காவது இன்னும் நடக்கவில்லை. அது அவள் கையில் இருந்தது. கையில் என்றால் கையிலேயே. இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே, வெதுவெதுப்பான அந்த எஃகுக் கலத்துக்குள், நேற்றுவரை யாரோ ஒருவருடைய வயிற்றுக்குள் இருந்த கணையம் நொதியில் ஊறிக் கரைந்துகொண்டிருந்தது, அதை அவள் குலுக்கிக்கொண்டிருந்தாள்.

இதுதான் அவள் வேலை. டாக்டர் மரகதவல்லி, செல் பிரித்தெடுக்கும் கூடத்தின் தலைமை ஆராய்ச்சியாளர், ஊழியர் சங்கத்தின் முன்னாள் செயலாளர், இரண்டு முறை தற்காலிகப் பணிநீக்கம் ஆனவர், ஓய்வு பெற இன்னும் சில மாதங்களே பாக்கி. மூளைச்சாவு அடைந்தவரின் கணையத்திலிருந்து இன்சுலின் சுரக்கும் திட்டுகளை மட்டும் தனியே பிரித்து, ஒரு பையில் நிரப்பி, கீழே வார்டுக்கு அனுப்புவது. அங்கே அதை நோயாளியின் ஈரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். திட்டுகள் ஈரலில் குடியேறிப் பிழைத்துக்கொண்டால் அந்த உடம்புக்குத் தன் சர்க்கரையைத் தானே பார்த்துக்கொள்ளும் புத்தி திரும்ப வரும். கேட்க எளிதாக இருக்கும். கலத்துக்குள் கணையத்தோடு சில எஃகுக் குண்டுகளும் கிடக்கும். குலுக்கக் குலுக்க அவை மோதிச் சதையை உடைக்கும். அதிகம் குலுக்கினால் திட்டுகளே சிதைந்துபோகும், குறைத்துக் குலுக்கினால் சதையை விட்டு வெளியே வராது. இதற்கு இயந்திரம் உண்டு, வாங்கி வைத்தும் இருக்கிறார்கள், அவள் தன் கையைத்தான் நம்புவாள். கடகட கடகட. இந்தச் சத்தத்துக்கு அவள் மனம் தானாகக் குற்றப்பட்டியல் வாசிக்கத் தொடங்கிவிடும். முதல் அநியாயம், இரண்டாவது, மூன்றாவது. வரிசை மாறக்கூடாது. மாறினால் மறுபடி முதலிலிருந்து. அவளுடைய அப்பா ராஜமாணிக்கம் பஞ்சாலைத் தொழிலாளி. துண்டறிக்கை எழுதுவதில் அந்த வட்டாரத்திலேயே கெட்டிக்காரர். குற்றங்களை அடுக்கும்போது முன்னது பின்னதாகப் போனால் முதலாளி அந்த ஓட்டைக்குள் புகுந்து ஓடிவிடுவான் என்பார். அவள் எழுத்துக்கூட்டிப் படித்ததே அந்த அறிக்கைகளில்தான். பள்ளிப் புத்தகம் வாங்குவதற்கு முன்னாலேயே அவளுக்குச் சுரண்டல் என்ற சொல்லைப் பிழையில்லாமல் எழுதத் தெரியும். உடம்புக்குள் கணையம் என்று ஒன்று இருப்பதே நாலணா விலையில் சங்க அலுவலகத்தில் கிடந்த ஒரு சிறுவெளியீட்டில் படித்துத் தெரிந்துகொண்டதுதான். மாடியில் இருப்பவர்கள் இதை வைத்து அவள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். சிரிக்கட்டும். கடகட கடகட. நோட்டீஸ் படித்து வந்தவள் கையில்தான் இன்றைக்கு உங்கள் கணையம்.

தாஜுதீன் ஒரு துளி எடுத்துச் சிவப்புச் சாயத்தில் கலந்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தான். கூடத்தில் அவளுக்கு உதவியாக இருக்கும் டெக்னீஷியன், நாற்பதைத் தொட்டவன், பல வருடமாக இங்கேதான், இன்னும் ஒப்பந்த ஊழியன், வருடத்துக்கு ஒருமுறை இயக்குநர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருடம். பாதித் திட்டு வெளியே வந்துவிட்டது, மீதி இன்னும் சதைக்குள் கழுத்து மாட்டிக்கொண்டு நிற்கிறது என்றான். அவள் குலுக்குவதை நிறுத்தவில்லை. இந்தச் சாயத்துக்கு ஒரு குணம் உண்டு, திட்டுகளில் மட்டும் ஒட்டும், மற்றச் சதையெல்லாம் வெளிறிக் கிடக்க இவை மட்டும் குங்குமம் சிதறியதுபோல் சிவந்து நிற்கும். முதன்முதலில் பார்த்தபோது அவளுக்கு அழுகை வந்தது. இத்தனை கோடிச் செல்லில் எது வேலை செய்கிறது எது சும்மா இருக்கிறது என்று ஒரு சாயம் காட்டிக்கொடுத்துவிடுகிறதே, இந்தக் கட்டடத்தின் மேலேயும் ஒரு நாள் அதை ஊற்றிப் பார்த்தால் எத்தனை அறை சிவக்கும், எத்தனை அறை வெளிறிப்போகும். அன்றைக்கு அதைச் சங்கக் கூட்டத்திலும் சொன்னாள், கைதட்டல் கிடைத்தது, மறுநாள் மெமோவும் கிடைத்தது. மறுபடி முதலிலிருந்து. முதல் அநியாயம் தூரத்தின் பெயரால். அன்றைக்கு அந்தச் செல்கள் யாருக்குப் போயின என்பது பிறகுதான் தெரிந்தது, வரிசையில் நாலு பேருக்குப் பின்னால் இருந்த ஒரு நகைக்கடைக்காரருக்கு. அவள் கறுப்புப் பட்டை குத்திக்கொண்டு இயக்குநர் அறை வாசலில் உட்கார்ந்தாள். கூட உட்கார்ந்தது ஒரு கை விரலுக்குள் அடங்கும் ஆட்கள்தான். அவள் கேட்டது விசாரணை, கிடைத்தது அவளே முன்வைத்த ஒரு விதி. பையை மூடுவதற்கு முன் கூடத்தின் தலைவர் திட்டுகளின் எண்ணிக்கையையும் பெறுபவரின் பெயரையும் இரண்டு பேர் காதில் விழும்படி உரக்க வாசிக்க வேண்டும், ஒருவர் கூடத்திலிருந்து, ஒருவர் வார்டிலிருந்து, இருவரும் கேட்டேன் என்று சொல்ல வேண்டும், அப்படிக் கேட்ட பெயருக்குத் தவிர வேறு யாருக்கும் அந்தப் பையை வார்டில் ஏற்றக்கூடாது. வாசிப்பதற்கு என்ன செலவு, எழுதிக் கொடுத்துத் தொலையுங்கள் என்று அன்றிருந்த இயக்குநர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். மரகதவல்லியும் உள்ளுக்குள் சிரித்தாள். அந்த விதி அவள் தானாக யோசித்தது அல்ல.

பஞ்சாலைக் கேட்டில், வேலை நிறுத்தம் முறிந்த மாதம், நிர்வாகம் பலகை வைத்தது. வேலை நீக்கம் செய்யப்பட்டவர்கள் என்று தலைப்பு, கீழே வெறும் டிக்கெட் நம்பர்கள். பெயர் கிடையாது. ஆலைக்குள் யாருக்கும் பெயர் கிடையாது, பித்தளை டோக்கன்தான், சம்பளமும் அதற்குத்தான், அபராதமும் அதற்குத்தான். ராஜமாணிக்கம் ஒரு சோடா பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்று, ஒவ்வொரு நம்பருக்கும் உரிய ஆளை, எந்தத் தெரு, யாருடைய மகன், என்ன பெயர் என்று உரக்க வாசித்தார். பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பேர் நின்று கேட்டோம் என்றார்கள். இதனால் ஒருவனுக்கும் வேலை திரும்பக் கிடைக்கவில்லை, அப்பாவுக்கும் கிடைக்கவில்லை. ஆனால் அன்று மாலை போலீஸ்காரன் ஒருவன் வந்து, அந்தப் பெயர்களை ஏன் வாசித்தீர், நம்பரையே வாசித்திருக்கலாமே என்று கேட்டுவிட்டுப் போனானாம். அதிலிருந்துதான் அப்பாவுக்குத் தெரிந்தது எது எங்கே உறைக்கிறது என்று. அப்பா கடைசிக் காலத்தில் சர்க்கரை முற்றிக் கால் விரல்கள் ஒவ்வொன்றாகக் கறுத்தபோதும்கூட ஆஸ்பத்திரிக் கட்டிலில் தொங்கிய நம்பர் அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் பெயரை எழுதி வைப்பார், நர்ஸ் மாற்றிவிட்டுப் போவாள், மறுபடி திருப்புவார். ஆம், அதே வியாதி. ஆனால் அவருக்கு வந்தது வயதில் வந்தது, வெண்ணிலாவுக்கு வந்தது ஏழு வயதில், உடம்பே தன் கணையத்தை எதிரி என்று நினைத்து அடித்துத் தீர்த்துவிட்டது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு அவளிடம் போய், இனிப்பு நிறையத் தின்றாயா என்று கேட்டவர்கள் எத்தனை பேர். கடகட கடகட. மேடம், போதும், வெளிய வந்துருச்சு என்றான் தாஜுதீன். அவள் நிறுத்தினாள். குளிர்ந்த திரவம் உள்ளே இறங்கியது. நொதியின் வேலை நின்றது. அவளுடைய முன்னங்கை மட்டும் நிற்காமல் கொஞ்ச நேரம் தானாகத் துடித்துக்கொண்டிருந்தது.

சுழற்றும் இயந்திரம் ஓடத் தொடங்கியது. திட்டுகள் ஒரு அடுக்காகவும் மற்றச் சதை வேறு அடுக்காகவும் பிரியும் வரை கை சும்மா. கை சும்மா இருந்தால் அவளுக்குப் பயம் வரும். காலையில் இரண்டு பேரையும் பார்த்தாள். முறைப்படி இரண்டு பேரைக் கூப்பிடுவார்கள், வரிசையில் முதல் ஆள், அவருக்குக் கடைசி நேரத்தில் காய்ச்சல் கீய்ச்சல் என்றால் மாற்றாக அடுத்த ஆள், இருவரும் வெறும் வயிற்றோடு, கையில் ஊசி ஏறியபடி, அடுத்தடுத்த அறையில். வெண்ணிலா கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். நாற்பது கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, வயது இருபத்தேழு, பார்த்தால் அப்படித் தெரியாது. அம்மா கோமளா கீழே தரையில். மீன் விற்றுவிட்டு நேராக வந்ததால் நர்ஸ்கள் மூக்கைச் சுளிக்கிறார்கள் என்று ஒதுங்கியே உட்கார்ந்திருந்தாள். மரகதவல்லியைப் பார்த்ததும் வெண்ணிலா, "இன்னா டாக்டரம்மா, இந்தவாட்டியும் டோக்கன் குடுத்துட்டுக் கடைய சாத்திருவீங்களா?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். டோக்கன் என்ற சொல் அவளுக்கு எங்கிருந்து கிடைத்ததோ. ரேஷன் கடையில் கிடைத்திருக்கும், எங்கே இல்லை டோக்கன். கோமளா எழுந்துவந்து மரகதவல்லியின் கையைப் பிடித்து, ராத்திரியில் தான் தூங்குவதே இல்லை என்றும், மகளுக்கு மூச்சு வருகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பதே வேலை என்றும் ரகசியம்போலச் சொன்னாள். போன மாதம் மட்டும் மகளை மூன்று முறை சீனித் தண்ணீர் புகட்டி எழுப்பியிருக்கிறாள். ஒரு முறை எழ நேரமானது. இன்னும் ஒரு முறை அப்படி ஆனால். மரகதவல்லிக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அடுத்த அறையில் விஷ்வேஷ். பொறியியல் கல்லூரிகள் நடத்துகிற குடும்பத்துப் பிள்ளை. அவனை வெறுத்துவிட வேண்டும் என்றுதான் காலையில் அந்தக் கதவைத் திறந்தாள், வெறுத்துவிட்டால் வேலை சுலபம். அவனோ எழுந்து நின்று வணக்கம் சொன்னான். நெற்றியில் தையல் போட்ட தழும்பு, கார் ஓட்டும்போது மயங்கியதாம், அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அவனைத் தனியாகக் குளிக்கக்கூட விடுவதில்லையாம். "மேடம், நான் ரெண்டாவதுதானே? நான் சும்மா பேக்கப்தானே?" என்று கேட்டான், ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயத்தோடு. அவள் ஆமாம் என்றாள். அவன் தலையாட்டினான். அவன் தப்பு இதில் ஒரு மண்ணும் கிடையாது, அதுவே அவளுக்கு ஆத்திரம். மாடியில் இருப்பவர்கள் எப்போதும் இப்படித்தான், தாங்கள் செய்யும் அயோக்கியத்தனத்தை ஒரு நல்ல பையனின் முகத்துக்குப் பின்னால் நிறுத்தி வைத்துக்கொள்வார்கள், கல்லெறிந்தால் அவன்மேல் விழும். பணக்காரன் வீட்டு நோயும் நோய்தான். யார் இல்லை என்றார்கள். அவன் முறை வரட்டும், அவள் கை இதே மாதிரி இதே பதத்தில் அவனுக்கும் குலுக்கும், ஒரு திட்டு குறையாமல் கொடுக்கும். முறை வரட்டும் என்பதுதான் பேச்சு. வரிசை என்ற ஒன்றைத் தவிர இல்லாதவனுக்கு இந்த ஊரில் வேறு என்ன சொத்து இருக்கிறது. தண்ணீர் லாரி முன்னால் குடத்தை வைத்துவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் எதை நம்பிப் போகிறார்கள். குடத்தை நகர்த்தினால் கை இருக்காது என்று பயம் இருக்கும் தெருவில்தான் அவள் வளர்ந்தாள். இங்கே குளிர்சாதனம் போட்ட மாடியில் உட்கார்ந்துகொண்டு காலால் நகர்த்துகிறார்கள், தண்ணீர் எல்லாருக்கும் வரும் என்று சொல்லிக்கொண்டே.

அதைத்தான் இயக்குநர் சந்தானம் சற்று முன்னால் சொன்னார். குலுக்கத் தொடங்குவதற்கு முன் போன் வந்தது, அவள் கையுறை போட்டிருந்ததால் தாஜுதீன் போனை அவள் காதோரம் பிடித்துக்கொண்டு, தன் காதில் விழாததுபோல் சுவரைப் பார்த்தான். சந்தானம் கெட்டவர் இல்லை, கெட்டவர் என்று சொன்னால் அவருக்கே வருத்தமாக இருக்கும். டென்ஷன் ஆகாதீர்கள் என்று ஆரம்பித்தார். விஷ்வேஷின் குடும்பம் ஒரு முழு மாடி கட்டித் தரப்போகிறது என்றார், அதில் வருங்காலத்தில் இன்னும் பத்து வெண்ணிலாக்களுக்கு இலவசமாகச் செய்யலாம் என்றார், பெரிய கணக்காகப் பாருங்கள் என்றார். "லேபிள் மேலேர்ந்து வரும் மரகதம். நீங்க நம்பரை வாசிச்சு ஒட்டிடுங்க. அவ்வளவுதான் உங்க வேலை." பத்து வெண்ணிலாக்கள். எந்தப் பத்து. அவர்களுக்குத் தாழங்குப்பத்தில் வீடு இருக்கிறதா, அம்மா ராத்திரியில் மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிறாளா, விரலில் ஊசி ஏறிய தழும்பு இருக்கிறதா. இல்லாத பத்துப் பேருக்காக இருக்கும் ஒருத்தியைத் தள்ளு. ஆலையை விரிவாக்கினால் ஆயிரம் பேருக்கு வேலை, அதனால் இந்த முப்பது பேரை வெளியேற்று என்று அன்றைக்குப் பலகை வைத்தவனும் இதே மாதிரி மெல்லிய குரலில்தான் பேசியிருப்பான். விரிவாக்கிய ஆலை எங்கே. அந்த இடத்தில் இப்போது பதினாலு மாடிக் குடியிருப்பு இருக்கிறது, கேட்டில் நீச்சல் குளத்தின் படம் போட்ட பலகை. சுழற்றும் இயந்திரம் மெல்ல மெல்லச் சத்தம் குறைந்து நின்றது. இந்த நிசப்தம் அவளுக்குப் பிடிக்காது. நிசப்தத்தில்தான் ஓய்வூதியம் ஞாபகம் வரும். ஒரு குற்றச்சாட்டு, ஒரு விசாரணைக் கமிட்டி போதும், எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கலாம். இன்னும் சில மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தால் சால்வை போட்டு, அவள் செய்யாத சாதனைகளைக்கூடச் சேர்த்துப் படித்து, அனுப்பி வைப்பார்கள். தனியாக இருப்பவள். முழங்கால் தேய்ந்திருக்கிறது. பயப்படுவதில் வெட்கம் இல்லை, பயப்படாதவன் போராட்டத்துக்கு ஆபத்தானவன் என்று அப்பாவே சொல்லியிருக்கிறார்.

பிரிந்த திட்டுகளை எடுத்துக் கழுவி, ஒரு துளியைச் சாயத்தில் விட்டு, அவள் எண்ண உட்கார்ந்தாள். எண்ணும்போது வேறு எதுவும் நினைக்கக்கூடாது, எண்ணும்போதுதான் எல்லாம் வரும். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. சில பெரியது, சில சின்னது, அளவைப் பொறுத்து மதிப்புப் போட வேண்டும். நல்ல கணையம். கொடுத்தவர் இளவயது, அவ்வளவுதான் அவளுக்குச் சொல்லப்பட்டது. யார் பெற்ற பிள்ளை, பைக்கிலிருந்து விழுந்தானா, லாரி அடித்ததா, அவன் பெயர் என்ன, அவளுக்குத் தெரியாது, தெரியக்கூடாது, அது நியாயமான விதி. கொடுத்தவன் பெயரை வாசிக்க முடியாது. அப்படியானால் வாங்குகிறவள் பெயரையாவது வாசிக்க வேண்டாமா. ஒரு பக்கம் பெயர் இல்லாத பிள்ளை, இன்னொரு பக்கம் நம்பர், நடுவில் நாங்கள் என்ன, தபால் பெட்டியா. அவள் இரண்டாவது முறை பணிநீக்கத்தில் இருந்த மாதங்களில்தான் லேபிளில் பெயர் போய் நம்பர் வந்தது, நோயாளியின் அந்தரங்கம் என்று காரணம். விதியை யாரும் மாற்றவில்லை. வழக்கத்தை மாற்றிவிட்டார்கள். திரும்பி வந்தபோது இருபது பேர் அந்த வழக்கத்துக்குப் பழகியிருந்தார்கள். பெறுநர் பதினொன்று, கேட்டேன், கேட்டேன், கோவிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்குவதுபோல, அடுத்த ஆள். பதிவு எண் பதினொன்று வெண்ணிலா. இருபத்தாறு விஷ்வேஷ். நம்பரை மாற்றி வாசித்தால் உறுத்தாது. அதற்காகத்தானே நம்பர். எண்ணி முடித்தாள். உடல் எடைக்கு இவ்வளவு என்று கணக்கு உண்டு. வெண்ணிலாவுக்குத் தாராளம். அவளைப்போல் இரண்டு மடங்கு எடையுள்ள விஷ்வேஷுக்கும், மட்டுமட்டாக, போதும்.

தாஜுதீன் குனிந்து தன் கண்ணாலும் ஒருமுறை எண்ணிப் பார்த்தான். அவன் எண்ணிக்கையும் அதே. பிறகு மைக்ரோஸ்கோப்பின் விளக்கை அணைக்காமலே, அவள் முகத்தைப் பார்க்காமலே, மெதுவாகச் சொன்னான், "மேடம், கொஞ்சம் கம்மியா வந்துச்சுன்னு போட்டுட்டா முடிஞ்சுது. அவருக்குப் பத்தாது, அந்தப் பொண்ணுக்குப் பத்தும். யாரும் யாரோடயும் சண்டை போட வேணாம்." எவ்வளவு சுலபம். அவளுக்கு உண்மையிலேயே தோள் இறங்கியது. ஒரு எண்ணைக் கொஞ்சம் இறக்கினால் வெண்ணிலா பிழைப்பாள், சந்தானம் பெருமூச்சு விடுவார், விஷ்வேஷ் அடுத்த முறைக்குக் காத்திருப்பான், சால்வை, ஓய்வூதியம், எல்லாம் இருக்கும் இடத்தில் இருக்கும். நாளை வெண்ணிலா எழுந்து நடப்பாள், எப்படிக் கிடைத்தது என்று அவள் கேட்கவா போகிறாள். செய்தால் என்ன. அவர்கள் மூன்று முறை பொய் சொன்னார்கள், நான் ஒருமுறை. மறுபடி முதலிலிருந்து, முதல் அநியாயம் தூரத்தின் பெயரால், இரண்டாவது ஒழுங்கின் பெயரால், மூன்றாவது நோயின் பெயரால், நான்காவது எண்ணிக்கையின் பெயரால். எண்ணிக்கையின் பெயரால். அங்கே மாட்டிக்கொண்டாள். அந்தப் பொய் அவர்களுடைய பட்டியலிலேயே போய், நாலாவதாக, அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தி உட்கார்ந்தது. அப்படிச் செய்தால் வெண்ணிலாவுக்குக் கிடைப்பது அவளுடைய முறை அல்ல. பெரிய உடம்புக்குப் பத்தாமல் போன மிச்சம். கல்யாண வீட்டுப் பின்வாசலில் பாத்திரம் ஏந்தி நிற்பவர்களுக்குக் கொடுப்பார்களே, அது. மூன்று முறை வரிசையில் நின்றவளுக்கு மிச்சத்தைக் கொடுத்து, பார், உனக்கும் கிடைத்ததே என்று சொல்வது. அடுத்த முறை அதிகம் கிடைத்தால், எல்லாருக்கும் போதுமாகவே கிடைத்தால், அப்போது எந்தப் பொய். அப்பா அன்று கேட்டில் நின்று முப்பது பேரின் பெயரை வாசிக்காமல், இந்த ஆளுக்கு உடம்பு சரியில்லை, அந்த ஆளுக்குப் பெண்டாட்டி பிள்ளைத்தாய்ச்சி என்று ஒவ்வொருவருக்காகக் கெஞ்சியிருந்தால் நாலு பேருக்காவது வேலை கிடைத்திருக்கும். அவர் கெஞ்சவில்லை. அது சரியா தப்பா என்று அவள் எத்தனையோ வருடம் தனக்குள் வழக்காடியிருக்கிறாள், அம்மாவின் வறண்ட கைகளைப் பார்க்கும்போதெல்லாம் தப்பு என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறாள். இப்போது இந்தச் சிவப்புத் திட்டுகளின் முன்னால் உட்கார்ந்து அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றாள். அப்படி ஒன்றும் ஆனந்தமாக இல்லை.

உள்ளதை உள்ளபடி எழுது தாஜு, என்றாள். அவன் எழுதினான்.

வார்டிலிருந்து சிஸ்டர் ஸ்டெல்லா மேலே வந்தாள், கவுனைக் கட்டிக்கொண்டே, கையில் ஒரு தட்டில் மாடியிலிருந்து வந்த லேபிள். வெள்ளை நிறத்தில் ஒரு சின்ன ஒட்டுத்தாள். பெறுநர் 26. அவள் அதை மேசைமேல் வைத்துவிட்டு, லேபிள் மாறி வந்திருக்கிறதோ என்று மேலே கேட்டதாகவும், மாறவில்லை என்று சொல்லிவிட்டார்கள் என்றும், கீழே அந்த அம்மா தன்னிடம் ஆயிரம் முறை கேட்டுவிட்டாள், பார்த்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்ததாகவும் சொன்னாள். ஸ்டெல்லா அதிகம் பேசுகிறவள் அல்ல, பேசினாலும் யாரையும் நேராகப் பார்த்துப் பேசுகிறவள் அல்ல. இன்று பார்த்தாள். பை மேசைமேல் இருந்தது. பாதி உள்ளங்கை அளவுக்குத் திட்டுகள் அடியில் படிந்து, திரவம் மேலே தெளிந்து, பார்ப்பதற்குக் கலங்கிய அரிசிக் கழுநீர்போல இருந்தது. இதற்காகத்தான். மரகதவல்லி தாஜுதீனைப் பார்த்தாள். அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள், பெரியவள் பத்தாவது. ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. கேட்டேன் என்ற ஒரு சொல்லுக்கு அவன் கொடுக்கப்போகும் விலையை அவள் கேட்டு வாங்கக்கூடாது. அப்பா பக்கத்தில் நின்ற இரண்டு பேரில் ஒருவர் அதற்குப் பிறகு எந்த ஆலையிலும் வேலை பார்க்கவில்லை. அவள் அவனிடம், வெளியே போய்விடு, வாசலில் இருக்கும் செக்யூரிட்டியைக் கூப்பிட்டு நிற்க வைத்துக்கொள்கிறேன், விதியில் கூடத்தின் ஊழியர் என்றுதான் இருக்கிறது, அவரும் ஊழியர்தான் என்றாள். அவன் கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினான். எங்கும் போகவில்லை.

"நான் என்ன செவிடா மேடம்?" என்றான்.

ஸ்டெல்லா மாஸ்க்குக்குள் சிரித்தாள் போலிருந்தது. பிறகு சிரிப்பு நின்று, "மாடியில என்னைக் கேட்டா நான் என்ன சொல்றது மேடம்?" என்றாள். அதில் பயம் இருந்தது, பயத்தை மறைக்கும் முயற்சி இல்லை.

"காதுல விழுந்ததைச் சொல்லுங்க, சிஸ்டர். வேற ஒண்ணும் சொல்ல வேணாம்."

போன் அடிக்கத் தொடங்கியது. மூவரும் அதைப் பார்த்தார்கள். மாடி எண். அடித்துக்கொண்டே இருந்தது. மரகதவல்லி வெள்ளை ஒட்டுத்தாளைத் தொடவில்லை, அது கிடந்த இடத்தில் கிடக்கட்டும், விசாரணைக்கு வேண்டியிருக்கும். வெறும் லேபிள் ஒன்றை எடுத்தாள். நம்பர் போடும் இடத்தில் பெயரை எழுதினாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது மனசு, முதல் அநியாயம், அவள் அதைத் தள்ளினாள், இப்போது வேண்டாம், இப்போது வரிசை வேறு. மாஸ்க்கை மூக்குக்குக் கீழே, பிறகு வாய்க்கும் கீழே இறக்கினாள், அது மேடையில் ஏறும்போது தொண்டையைச் செருமிக்கொள்வதுபோல் ஒன்று, கூடத்தில் அப்படிச் செய்யக்கூடாது, ஆகவே பையிலிருந்து இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள். சுவரில் மாட்டியிருந்த விதியைப் பார்த்து வாசிக்கவில்லை, அது அவளுக்கு மனப்பாடம். முதலில் எண்ணிக்கையைச் சொன்னாள், ஒன்றும் குறைக்காமல், ஒன்றும் கூட்டாமல். இந்த எண்ணிக்கை கீழே காத்திருக்கும் இருவரில் யாருக்கும் போதும் என்பதையும் சொன்னாள், அது விதியில் இல்லை, இருந்தும் சொன்னாள். போன் நின்று, மறுபடி அடிக்கத் தொடங்கியது. ஸ்டெல்லாவும் தாஜுதீனும் ஒருவரை ஒருவர் ஒட்டி நிற்காமல், பக்கத்துக்கு ஒருவராக, நேராக நின்றார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே அந்த இடத்தில் போய் நின்றார்கள். போன் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்பதற்காகக் குரலை உயர்த்தினாள், ஆலைக் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கம் கேட்கும் அளவுக்கு.

"வரிசையில் முதல் ஆள். எண்ணூர், தாழங்குப்பம். சேகர் மகள், கோமளா மகள். பெயர், வெண்ணிலா."